யார் சுமக்கவேண்டிய சுமை?



மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலை எடுத்துக்கொண்டு கோவில் வாசலில் நிற்பது எங்கள் வழக்கம். நீங்களும் கண்டிருப்பீர்கள். சென்ற மாதம் அப்படி நிற்கையில், நம் பங்கில் எல்லாரும் மதிக்கிற பெரியவர் ஒருவர் உண்டியலைப் பார்த்தார்; என்னையும் பார்த்தார்; சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னுமா ஐயா இதெல்லாம்? ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வயதானவர்களுக்குப் பென்ஷன் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலையிலும் மத்தியானத்திலும் சாப்பாடு. அதற்கெல்லாம் நாம் வரியும் கட்டுகிறோம். பிறகு உண்டியல் எதற்கு?" சொல்லிவிட்டுப் பத்து ரூபாயைப் போட்டுவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷர்.

அதே வாரத்தில் டீக்கடையில் வேறொரு பேச்சுக் காதில் விழுந்தது. "எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறிகள் ஆக்கிவிட்டார்கள். வேலை செய்ய மனமில்லாதவனுக்குச் சோறு கிடையாதென்று அர்ச். சின்னப்பரே எழுதவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

இந்த இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். முந்தினவர் சர்க்கார் செய்வதே போதும் என்கிறார். பிந்தினவர் சர்க்கார் செய்வதே கெடுதல் என்கிறார். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பேரும் வந்து சேருகிற இடம் ஒன்றே. "ஆகையால் நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை" என்பதுதான் அந்த இடம்.

டீக்கடைக்காரருக்கு முதலில் ஒரு வார்த்தை. அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் அப்படி எழுதினது உண்மை. ஆனால் வேலை செய்ய மனமில்லாதவனைப் பற்றித்தான் எழுதினார். வேலை கிடைக்காதவனையும், வேலை செய்து செய்து முதுகு வளைந்து போனவளையும் அவர் அந்த வசனத்தில் சேர்க்கவில்லை. நாமும் சேர்க்கக்கூடாது.

இனி, காரியம் முழுவதற்கும் திறவுகோல் என்று நான் நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். கலாத்தியருக்கு எழுதின நிருபம், ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ம் வசனத்தில் ஒருவர் பாரத்தை மற்றொருவர் சுமக்கும்படி அப்போஸ்தலர் சொல்லுகிறார். கிறிஸ்துநாதருடைய கற்பனையை நிறைவேற்றும் வழி அதுவே என்கிறார். மூன்று வசனம் தள்ளி, 5-ம் வசனத்தில், அவனவன் தன் சுமையைத் தானே சுமக்கவேண்டும் என்கிறார். இதென்ன முரண் என்று நமக்குத் தோன்றும். கிரேக்க மூலத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துபோகும். அங்கே இருப்பவை இரண்டு வெவ்வேறு வார்த்தைகள். முந்தினது 'பாரோஸ்': ஆளை அமுக்கிவிடுகிற பாரம். பிந்தினது 'ஃபோர்தியோன்': ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய மூட்டை. சேசுநாதர் தமது சுமை இலகுவானதென்று சொன்னதை அர்ச். மத்தேயு எழுதும்போது (11:30) இந்த இரண்டாவது வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார்.

பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு தனியே நடந்து வருகிறவன், இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட ஆள் கிடைக்காதே என்று பயப்படாமல், நின்றபடியே மூட்டையை அதன்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளுவான். கர்ப்பவதியாய் இறந்துபோன ஸ்திரீயின் ஞாபகமாக வைத்த கற்களும் அவற்றில் உண்டு. எவ்வளவு நல்ல தர்மம்! ஆனால் எந்தச் சுமைதாங்கியும் யாருடைய மூட்டையையும் வீடுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. என் மூட்டை எது, ஒருவரால் தனியே சுமக்க முடியாத பாரம் எது என்று பிரித்தறிவதுதான் கஷ்டம். அர்ச். சின்னப்பர் அதையும் நமக்கு விட்டுவைக்காமல், ஒரு பங்கில் நடந்த சங்கதியை வைத்தே தீர்த்துக் காட்டியிருக்கிறார்.

எபேசு நகரத்துச் சபையில் ஏழை விதவைகளைக் காப்பாற்ற ஒரு பட்டியல் இருந்தது. அதைப்பற்றி அவர் திமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரத்தை இன்று இரவு ஜெபத்துக்குப் பின் வீட்டில் வாசித்துப் பாருங்கள். பட்டியலில் சேர அறுபது வயது ஆகியிருக்கவேண்டும் என்று விதி வைக்கிறார். நம் ராஜ்யத்து முதியோர் உதவித் தொகைக்கும் வயது அறுபதுதான் என்பதைக் கவனியுங்கள். விதவைக்குப் பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ இருந்தால், பக்தியை அவர்கள் முதலில் தங்கள் வீட்டில் காட்டிப் பெற்றோருக்குப் பட்ட கடனைத் தீர்க்கவேண்டும் என்கிறார் (5:4). தன் வீட்டாரைக் கவனியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்கிறார் (5:8). கடைசியில் காரணத்தையும் சொல்லுகிறார்: சொந்த மனுஷரால் காப்பாற்றப்படக் கூடியவர்களுடைய பாரத்தைச் சபையின்மேல் வைக்கக்கூடாது, வைத்தால், ஒருவருமே இல்லாத மெய்யான விதவைகளுக்குப் போதாமற் போகும் (5:16).

பட்டியல் வேண்டாமென்று அவர் சொல்லவில்லை பாருங்கள். பட்டியல் வேண்டும், அது மெய்யாகவே அநாதையாய் நிற்கிறவளுக்கு எட்டவேண்டும். அப்படி எட்டவேண்டுமானால் மகன் மகனாக இருக்கவேண்டும்.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் கூசுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், கோவில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் வந்தாள். கூடவே மகனும் வந்தான். வெளியூரில் நிரந்தர வேலையில் இருப்பவன். திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தான். முதியோர் உதவித் தொகைக்கு மனு எழுதவேண்டும் என்றார்கள். அந்தத் தொகை ஆதரவற்ற முதியோருக்கென்று ஏற்பட்டது. ஆகவே, "பிள்ளைகள் விவரம் என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். மகன்தான் பதில் சொன்னான்: "யாரும் இல்லை என்று எழுதுங்கள் சார். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்." நான் தாயைப் பார்த்தேன். அவள் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுங்க தம்பி" என்றாள். எழுதினேன்.

தொகை கிடைத்தது. மகன் மாதாமாதம் அனுப்பிவந்த சொற்பப் பணம் நின்றுபோயிற்று. அம்மாவுக்குத்தான் பென்ஷன் வருகிறதே! கிறிஸ்துமஸ் சமயத்தில் சபையார் சேலை கொடுக்கப் போனபோது, பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னாள். "அவன் பணம் அனுப்புனா, வந்துச்சாம்மான்னு ஒரு போன் வரும் தம்பி. இப்ப பேங்க்லேருந்து மெசேஜ்தான் வருது" என்றாள்.

பிள்ளை இருக்கும்போதே எனக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு தாயைச் சொல்லவைத்தோம். அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது இந்தக் கை. அந்த வருஷத்தில் பிள்ளையே இல்லாத இன்னொரு விதவையின் மனு நிலுவையில் கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று என்னால் ரூபிக்க முடியாது. ஆனால் அந்த 16-ம் வசனத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் அவள் முகந்தான் முன்னே வருகிறது.

நமதாண்டவர் காலத்திலும் இதற்கு ஒரு உபாயம் இருந்தது. அர்ச். மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் காண்பீர்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது சர்வேசுரனுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்று சொல்லிவிட்டால் கொடுக்கவேண்டியதில்லை என்று பரிசேயர் போதித்தார்கள். சேசுநாதர் அவர்களை அங்கே கண்டித்ததுபோல் கடுமையாகக் கண்டித்த இடங்கள் கொஞ்சமே. காணிக்கை நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தைக் காட்டியே நாலாம் கற்பனையைத் தட்டிக்கழித்தார்கள். முதியோர் உதவித் தொகையும் நல்ல காரியமே. நம் ராஜ்யத்தில் அது 1962 முதல் நடந்து வருகிறது. எத்தனையோ பேருக்கு அதனால்தான் அடுப்பு எரிகிறது. அந்த நல்ல காரியமே இந்தக் காலத்துக் கொர்பானாக ஆகிவிடலாகாது.

வேடிக்கை என்னவென்றால், சர்க்காரே இந்தக் கடமையை நம்மிடம் திருப்பித் தந்திருக்கிறது. 2007-ம் வருஷத்தில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஏற்பட்டது. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத தாய் தகப்பன், வயதுவந்த மகன்மீதோ மகள்மீதோ, வருவாய்க் கோட்டாட்சியர் நடத்துகிற தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கும்படி உத்தரவிடலாமென்று அந்தச் சட்டத்தில் கண்டிருக்கிறது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மெய்யாகவே கைவிடப்பட்ட பெற்றோருக்கு அது ஒரு வழி. ஆனால் சர்வேசுரன் சீனாய் மலையில் கொடுத்த கற்பனையைப் பார்லிமெண்டு மறுபடி இயற்றவேண்டி வந்ததே என்று நினைக்கும்போது வெட்கமாயிருக்கிறது. உத்தரவு போட்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கலாம். "வந்ததா அம்மா?" என்று கேட்கும்படி எந்தத் தீர்ப்பாயத்தால் உத்தரவிட முடியும்?

திருச்சபையின் போதனை இதில் தெளிவாயிருக்கிறது. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதின 'ரேரும் நோவாரும்' என்னும் பொது நிருபத்தில், குடும்பம் ராஜ்யத்துக்கு முந்தினது, சர்க்கார் தன் இஷ்டம்போல் அதற்குள் நுழையக்கூடாது என்றார். அதே மூச்சில், ஒரு குடும்பம் தன் பலத்தால் மீள முடியாத நெருக்கடியில் விழுந்துவிட்டால், பொதுப் பணத்தால் அதைத் தாங்குவது நியாயமே என்றும் சொன்னார். தொழிலாளரையும் ஏழைகளையும் காப்பாற்றுவதில் ராஜ்யத்துக்கு விசேஷ கடமை உண்டு, ஏனென்றால் பணக்காரருக்குத் தங்களைக் காத்துக்கொள்ள வேறு வழி இருக்கிறது, ஏழைக்கு இல்லை என்பது அவருடைய நியாயம்.

நாற்பது வருஷம் கழித்து, 1931-ல், 11-ம் பத்திநாதர் இதற்கு ஒரு ஒழுங்கையே வகுத்தார். சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பிடுங்கிக்கொள்வது அநீதி. பெரியது சிறியதற்குத் துணையாக நிற்கவேண்டும், அதை விழுங்கிவிடலாகாது என்றார். 'துணை' என்பதற்கு அவர் வழங்கின லத்தீன் வார்த்தை பழைய ரோமாபுரிச் சேனையில் பின்வரிசையில் நிற்கிற துணைப்படையைக் குறிக்கும். முன்வரிசை தளர்ந்தால் பின்வரிசை முன்னே வரும். முன்வரிசையே வீட்டுக்குப் போய்விட்டால் துணைப்படை யாருக்குத் துணை? அந்த வருஷத்தில்தான் இத்தாலியில் முசோலினி சர்க்கார் கத்தோலிக்க வாலிபர் சங்கங்களைக் கலைத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் சர்க்காரே செய்யும் என்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாப்பரசர் தம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு 1991-ல் 2-ம் அருள் சின்னப்பர், கஷ்டப்படுகிறவனுடைய தேவையை அவன் அருகில் இருப்பவர்களே நன்றாய் அறிவார்கள் என்பதை மறுபடி வற்புறுத்தினார்.

இதுவரைக்கும் குடும்பத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் ஒரு குடும்பத்தால் தனியே முடியாதவையும், அதற்காகச் சர்க்காரிடம் முழுவதுமாக ஒப்புவித்துவிட வேண்டியில்லாதவையும் அநேகம் உண்டு. கடன், நியாயமான விலை, குடியிருக்க வீடு முதலியவை அப்படிப்பட்டவை. இந்த நடுத்தளத்தைத்தான் நாம் அதிகமாக மறந்துபோனோம் என்பது என் எண்ணம். இதற்கு உதாரணமாக, கடலுக்கு அப்பால் ஒரு கத்தோலிக்க மேற்றிராசனத்தில் நடந்த சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

கானடா தேசத்தின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அங்கே அந்திகோனிஷ் மேற்றிராசனம். கரையெல்லாம் மீன்பிடிக்கிற குடும்பங்கள். வலையும் சாமானும் வியாபாரியிடமே கடனுக்கு வாங்குவார்கள். மீனை அவனிடமே கொடுப்பார்கள். விலையை அவனே சொல்லுவான். நம் கடற்கரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை! போதாததற்குப் பெரிய டிராலர் கப்பல்கள் வந்து கடலை வாரிக்கொண்டு போயின. அந்தக் கரையில் கான்ஸோ என்னும் ஊருக்குச் சங். ஜிம்மி டாம்ப்கின்ஸ் சுவாமியார் பங்குக் குருவாய் வந்தார். சர்வகலாசாலையில் பெரிய பதவியில் இருந்தவர். அங்கே எழுந்த ஒரு தகராறில் இந்தக் கோடிக்கு மாற்றப்பட்டார். மெலிந்த உருவம். போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் ஏதாவது ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்து, "இதைப் படித்தாயா? என்ன நினைக்கிறாய்?" என்று துளைத்தெடுக்கிற சுபாவம்.

1927 ஜூலை 1-ந் தேதி, கானடா தேசம் ஏற்பட்டு அறுபது வருஷமானதைத் தேசமெல்லாம் கொண்டாடியது. கான்ஸோ மீனவர்கள் கொண்டாட நமக்கு என்ன இருக்கிறது என்று கூட்டம் போட்டார்கள். குருக்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. கவனியுங்கள்: அவர்கள் முதலில் செய்தது சர்க்காரிடம் நியாயம் கேட்டதுதான். அது தப்பல்ல, டிராலரை எந்தத் தனி மனுஷனால் தடுக்க முடியும்?

மனு கொடுத்தாயிற்று, இனி வருகிறது வரட்டும் என்று அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மீனவர்கள் கூட்டுறவாகச் சேரவேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. அவர்களைச் சேர்த்துத் தரும்படி சர்க்கார் 1929-ல் கேட்டுக்கொண்டது சங். மோசஸ் கோடி சுவாமியாரை. டாம்ப்கின்ஸ் சுவாமியாருக்கு உறவினர், சர்வகலாசாலையின் ஜனக்கல்விப் பகுதிக்குத் தலைவர். அவர் ஊர் ஊராய்ப் போனார். அவர் கொண்டுபோனது பணமல்ல, ஒரு கேள்வி. பத்துப் பேராக ஒரு வீட்டு அடுப்படியில் கூடுங்கள். உங்கள் சிங்கி இறால் பாஸ்டன் நகரச் சந்தையில் என்ன விலைக்கு விற்கிறது, உங்களுக்கு என்ன விலை கிடைக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள் என்றார். எழுத்து வாசனை குறைந்தவர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்டுத் தர்க்கித்தார்கள். கான்ஸோவுக்கு அடுத்த லிட்டில் டோவர் என்னும் சிற்றூரில், மீனவர்கள் தாங்களே காட்டுக்குப் போய் மரம் வெட்டி வந்து, சிங்கி இறாலை டப்பியில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

1932-ல் மாகாணச் சட்டசபை ஐக்கிய நாணயச் சங்கங்களுக்கு ஒரு சட்டம் இயற்றித் தந்தது. உலகமெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த அந்த நாளில், மீனவரும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் வாரந்தோறும் சில்லறைக் காசுகளைச் சேர்த்துத் தங்களுக்குள்ளே கடன் கொடுத்துக்கொண்டார்கள். ஒருவன் கடனுக்கு மற்றவன் ஜாமீன். டாம்ப்கின்ஸ் சுவாமியார் பிறகு ரிசர்வ் மைன்ஸ் என்கிற சுரங்க ஊருக்கு மாறினார். அங்கே பதினொரு சுரங்கத் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து, முதலில் வீடு கட்டுவதைப் பற்றி நெடுநாள் படித்தார்கள். பிறகு 1938-ல் பதினொரு வீடு கட்டிக் குடியேறினார்கள். கடன் கொடுத்தது மாகாண சர்க்காரின் வீட்டுவசதிக் கமிஷன். கையில் ரொக்கம் இல்லாத அந்த மனுஷர்கள் தங்கள் பங்காகப் போட்டது தங்கள் உழைப்பை.

சட்டம் சர்க்கார் கொடுத்தது. கடனும் சர்க்கார் கொடுத்தது. படித்தது, சேமித்தது, மண்வெட்டி பிடித்தது, ஒருவன் மற்றவனுக்கு ஜாமீன் நின்றது ஆகியவை அவர்களுடையவை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த வீடுகள் எழும்பியிரா. அந்தச் சங்கங்கள் எல்லாமே என்றென்றைக்கும் நிலைத்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போடக் கற்றுக்கொண்டவனை மறுபடி ஏமாற்றுவது சுலபமல்ல.

நம் கன்னியாகுமரிக் கரையிலும் இதே வழியில் ஒரு வேலை நடந்தது. கோட்டாறு மேற்றிராசனத்தின் சமூக சேவைச் சங்கம் துணைநிற்க, மீனவர்கள் ஊர் ஊராய்ச் சங்கம் அமைத்து, கரையிலே மீனைத் தாங்களே ஏலம் விட்டு, விற்பனையில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும் பிடித்தார்கள். அப்படிப்பட்ட சங்கங்களெல்லாம் சேர்ந்து 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் உண்டாயிற்று. கடற்கரைப் பங்குகளில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் நம்மில் பலர் உண்டு; போகும்போது கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "ஆகவே சர்க்காரிடம் எதையும் கேட்காமல் இருப்பதே புண்ணியம்" என்று யாராவது அர்த்தம் பண்ணினால் அது முழுத் தவறு. சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியவனுடைய பாரம் 'பாரோஸ்'. எந்தக் கூலிக் குடும்பமும் அதைத் தனியே சுமக்க முடியாது. எங்கள் உண்டியலும் சுமக்காது. அங்கே காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து போகவேண்டும். அது பிச்சையல்ல. சோப்பு வாங்குகிற கிழவியும் வரி கட்டித்தான் வாங்குகிறாள். குடிதண்ணீரும் சாலையும் சாக்கடையும் சர்க்காருடைய காரியம். அங்கே நம்முடைய கடமை என்னவென்றால், கேட்கவேண்டிய இடத்தில் போய்க் கேட்பது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நம் தெருவிலிருந்து எத்தனை பேர் போனோம்? வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு "இந்த சர்க்கார் ஒன்றும் செய்யாது" என்று சொல்லுகிறவன், "சர்க்காரே எல்லாம் செய்யும்" என்று சொல்லுகிறவனுக்கு உடன்பிறந்தவன்.

உண்டியலைப் பார்த்துச் சிரித்த பெரியவருக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. எங்கள் சபையை ஸ்தாபித்தவர்களில் முத். ஓசானாம் என்பவர் முக்கியமானவர். 1833-ல் பாரீஸ் நகரத்தில் சபை ஆரம்பமானபோது அவருக்கு வயது இருபது. அவரும் தோழரும் மாணவர்கள், கையில் பணமில்லை. ரொட்டிக்கு உரிய சீட்டுகளை ரோசலி என்ற கன்னியாஸ்திரீயிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த முத். ரோசலி அம்மாள் அந்தப் பேட்டையில் சர்க்காரின் ஏழைகள் உதவி அலுவலகத்தையும் நடத்தி வந்தவர். அந்தக் காலத்திலும் சர்க்கார் உதவி இருந்தது என்பதைப் பெரியவர் கவனிக்கவேண்டும். ஆனாலும், ஏழையின் வீட்டுப் படியேறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பேச்சைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்பதை அவர்கள் தங்கள் சபைக்கு விதியாக வைத்துக்கொண்டார்கள். பெரியவர் போட்ட பத்து ரூபாய் அரிசியாகப் போகிறதென்பது உண்மை; அதோடு, ஒரு கதவைத் தட்டுவதற்கு எங்களுக்கு அது ஒரு முகாந்தரமும் ஆகிறது. ரேஷன் அரிசி கிடைக்கிற வீட்டில் கதவைத் தட்ட ஆள் கிடைப்பதில்லை. நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும்போதெல்லாம் பங்குக்கென்று ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவார்கள். அரிசி மலிவான இந்தக் காலத்தில் அந்தப் பிடி அரிசிப் பானை பல வீடுகளில் காணோம். பானையோடு அந்த ஞாபகமும் போய்விட்டது.

ஒரு காரியத்தை இப்போது செய்யலாமென்று சபையில் தீர்மானித்திருக்கிறோம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோவில் தாழ்வாரத்தில் மேஜை போடுகிறோம். உதவித் தொகை, காப்பீட்டு அட்டை, ஜாதிச் சான்று, விதவைச் சான்று முதலியவற்றுக்கு மனு எழுதவேண்டியவர்கள் ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் கொண்டு வரவும். கம்ப்யூட்டரில் பதியத் தெரிந்த வாலிபர்கள் நாலு பேர் வந்தால் உபகாரமாயிருக்கும். படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு நாங்களே வருவோம்; அக்கம்பக்கத்தார் பெயர் கொடுத்தால் போதும். வீட்டுக் கடன், கந்துவட்டிக் கடன் என்று தவிக்கிற தெருக்களில் பத்துப் பேர் சேர்ந்து மாலையில் ஒரு வீட்டில் கூடி உட்கார இஷ்டமிருந்தால், கணக்கு எழுத ஆள் அனுப்புகிறோம்.

மனுவில் பிள்ளைகள் விவரம் கேட்கிற இடத்தில் இனி நான் உள்ளதை உள்ளபடியேதான் எழுதுவேன். எழுதிவிட்டு, அந்தப் பிள்ளையின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.